ஜீனத்துன்னிசாவின் ஐந்து கிர்ணிப் பழங்கள்

ஜீனத்துன்னிசா பிறந்த வீட்டில் ஒரு பிடி மண் கிடையாது. புதுச்சேரி முல்லா வீதியில் முன்பக்கம் அத்தாவின் தகரப்பெட்டிக் கடை, பின்பக்கம் அடுப்படி, மேலே மொட்டை மாடி. அவ்வளவுதான் வீடு. அப்படிப்பட்ட இடத்தில் பிறந்த பெண் பயிர் ஆராய்ச்சி பண்ணுகிற விஞ்ஞானி ஆனாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளுடைய சாச்சாவே இன்னும் நம்பவில்லை. கல்யாண வீட்டில் யாராவது "உங்க அண்ணன் பொண்ணு என்ன பண்ணுது?" என்று கேட்டால், "காலாப்பட்டுல தோட்ட வேலை" என்று சொல்லிவிட்டு பிரியாணி தேக்சா பக்கம் நகர்ந்துவிடுவார். ஜீனத்துக்கு அதில் கோபமே இல்லை. "தோட்ட வேலைதானே பண்றேன், சாச்சா ஒன்னும் தப்பா சொல்லலியே" என்பாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. ஒல்லியான உடம்பு, ஓட்டமும் நடையுமான கால்கள். நகக்கண்ணில் எப்போதும் கொஞ்சம் மண் இருக்கும். கைப்பையைத் திறந்தால் நூல் கட்டிய சீட்டுகள், பழைய கவர்கள், ஒரு சின்னக் கத்திரி, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டுகிற விரல் நீள மீட்டர் ஒன்று. இதெல்லாம் போக இடம் இருந்தால் பர்ஸ். மூலக்குளத்தில் வீடு. தெருவில் அவளோடு நடந்து போவது பெரிய இம்சை. சாக்கடை ஓரச் சுவரில் ஏதோ ஒரு களை முளைத்திருந்தால் போதும், நின்றுவிடுவாள். "இதப் பாருங்க மச்சான், சிமென்ட்டுலேர்ந்து எப்படித்தான் தண்ணி குடிக்குதோ!" புருஷன் அப்துல் மாலிக் பாவம், மீன் வாங்கிய பையோடு வெயிலில் நிற்பார்.

அவளுடைய ஆராய்ச்சி சொல்வதற்குச் சுலபம், செய்வதற்குத்தான் கஷ்டம். கடலோரத்தில் கிணறுகள் உப்பேறிக்கொண்டே வருகின்றன. புயல் வந்தால் கடல்தண்ணீர் உள்ளே வருகிறது. போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச அடியிலிருந்தும் வருகிறது. உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு எந்தப் பயிர் தாக்குப்பிடிக்கும், எப்படித் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. இதற்கு அவள் எடுத்துக்கொண்டது கிர்ணி. ஏன் கிர்ணி என்று கேட்காத ஆள் இல்லை. "நெல்லுக்கு ஆயிரம் பேரு இருக்காங்க. கிர்ணிக்கு யாரு இருக்கா?" என்று திருப்பிக் கேட்பாள். வீம்பு. ஆனால் அந்த வீம்பு இல்லாவிட்டால் மூன்று வருஷம் அந்த வேலையில் யாரும் நின்றிருக்க முடியாது.

இருபத்து நாலு ரகம் கிர்ணி விதை. தொட்டித் தொட்டியாக நட்டு, கடல்தண்ணீர் கலந்த தண்ணீரை ஊற்றிப் பார்ப்பது. முதல் வருஷம் எல்லாம் கருகியது. இரண்டாம் வருஷம் நாலு கொடி பூவரைக்கும் வந்து, பூவோடு போய்ச் சேர்ந்தது. கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் ஜீனத்தைப் பார்த்தால் துக்கம் விசாரிக்கிற மாதிரி பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தர் மட்டும் அப்படிப் பேசவில்லை. அவர் மாரியப்பன்.

மாரியப்பன் பிள்ளைச்சாவடிக்காரர். இருபத்தைந்து வருஷம் படகில் போனவர், முட்டி தேய்ந்து கரையேறியவர். ஆராய்ச்சி நிலையத்தில் தினக்கூலி. அவருடைய வேலை தினமும் காலையில் கடற்கரைக்குப் போய் கேனில் கடல்தண்ணீர் பிடித்து வருவது. "அப்போ மீனப் பிடிச்சேன், இப்போ தண்ணியப் பிடிக்கிறேன். வலைதான் வேணாம், மத்தபடி அதே கடலு" என்பார். தொட்டியில் கடல்தண்ணீரையும் நல்ல தண்ணீரையும் கலந்து, விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "ஆறு" என்பார். ஜீனத் மீட்டரை முக்குவாள். ஆறு புள்ளி ஒன்று. "அந்தப் பாயிண்டு ஒன்னு உங்க மிஷினு பண்ற தப்பு மேடம்."

மூன்றாம் வருஷம், அதாவது இந்த வருஷம், பதினேழாம் நம்பர் கொடி பிழைத்தது. பிழைத்தது மட்டுமில்லை, படர்ந்தது, பூத்தது. ஜீனத் விடியற்காலையில் போய் ஒவ்வொரு பெண் பூவையும் பிரித்து, அதே கொடியின் ஆண் பூவைத் தடவி, வேறு மகரந்தத் தூள் ஒட்டாதபடி காகிதப் பை மாட்டி, நூல் சீட்டுக் கட்டினாள். ஐந்து காய் பிடித்தது. கைக்கடக்கமான காய்கள்தான். மாரியப்பன் அந்தக் கொடிக்குப் பக்கத்தில் வேறு ஆளை விடமாட்டார்.

இதில் ஒரு இக்கட்டு இருந்தது. மாசக் கடைசியில் சென்னையிலிருந்து குழு வருகிறது. மூன்று வருஷமாகச் சோறு போட்டு வளர்த்த திட்டம், காட்டுவதற்கு ஒரு கொடிதானா என்று போன தடவையே முகத்தைச் சுளித்துவிட்டுப் போனவர்கள். அவர்கள் சொன்னது இதுதான்: அந்தக் கொடியின் விதை உப்புத் தண்ணீரிலேயே மறுபடி முளைக்க வேண்டும். நூற்றுக்குப் பத்து முளைத்தால்கூடப் போதும், திட்டம் தொடரும். ஒன்றுமில்லை என்றால் மூட்டை கட்டு. மூட்டை கட்டினால் ஜீனத்தை வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள், மாரியப்பன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகமொத்தம், மூன்று வருஷமும் இரண்டு பேர் பிழைப்பும் அந்த ஐந்து பழத்துக்குள் இருந்தது.

ரமலான் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஜீனத் நோன்போடு சென்னையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தாள். காலை பத்து மணிக்கு மாரியப்பன் போன் பண்ணினார்.

"மேடம், காம்பு வுட்டுடுச்சு. மூணு தொட்டதும் கையோட வந்துடுச்சு. மீதி ரெண்டும் வுடுற மாதிரிதான் நிக்குது. அணிலு வேற சுத்துது. அஞ்சையும் எடுத்துட்டேன்."

"நல்ல வேலை பண்ணீங்க மாரியண்ணே! ஆனா லேப்ல பெயின்ட் அடிக்கிறாங்களே, பூட்டி இருக்குமே?"

"அதான் கேக்குறேன். எங்க வைக்கிறது?"

"எங்க வீட்டுல குடுத்துடுங்க. சாயந்தரம் வந்து நான் பாத்துக்கறேன்."

இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வோம். ஒரு பூவுக்கு மூன்று நோட்டில் குறிப்பு எழுதுகிறவள், சீட்டில் தேதியும் மணியும் போடுகிறவள், தன் புருஷனுக்கு ஒரு போன் பண்ணி "மச்சான், பழம் வரும், வெட்டிடாதீங்க" என்று சொன்னாளா? சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தாள். அதற்குள் மேடையில் கூப்பிட்டுவிட்டார்கள். போனை சைலண்டில் போட்டாள். கூட்டம் முடிந்து பார்த்தால் சார்ஜ் இல்லை. படித்தவர்கள் பண்ணுகிற தப்பே தனி ரகம்.

அப்துல் மாலிக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். போட்டோவுக்கும் முகம் பார்க்கிறதுக்கும் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறார். தங்கமான மனுஷன். அதுதான் பிரச்சினை. ரமலான் மாசம் வந்தால் மத்தியானத்தோடு கடையைச் சாத்திவிட்டு அடுப்படிக்குள் இறங்கிவிடுவார். வடை அவர் கை, கஞ்சி அவர் கை, ஜூஸ் அவர் கை. அந்த மாசத்தில் அவர் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. சாயந்தர அஸர் தொழுகைக்கு முன்னால் உள்ளே வந்த பொருள், நோன்பு திறக்கிற நேரத்துக்குள் நாலு வீட்டுக்குப் போயே தீரணும். வந்த தட்டு வெறும் தட்டாகத் திரும்பவும் கூடாது.

மாரியப்பன் பதினொன்றரைக்கு சைக்கிளில் வந்து, துணியில் பொதிந்த பழங்களை நீட்டினார். "மேடம் வீட்டுல குடுக்கச் சொன்னாங்க."

"நோன்புக்குத்தானே? மாஷா அல்லா! வாசனையப் பாருங்க!" மாலிக்குக்கு முகமெல்லாம் பல். காம்பில் தொங்கிய நூல் சீட்டைப் பார்த்தார். 17 என்று போட்டிருந்தது. "பதினேழு ரூபாயா? பரவால்லியே, சல்லிசா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே ஐந்து சீட்டையும் கத்திரியால் நறுக்கிப் போட்டார். மாரியப்பனுக்குச் சுருக்கென்றது. ஆனால் மேடத்தின் வீட்டுக்காரர், படித்த பெண்ணோடு குடும்பம் நடத்துகிறவர், அவருக்குத் தெரியாததா? நோட்டில் ஏற்றியிருப்பார்கள், சீட்டு வேண்டாம்போல என்று நினைத்துக்கொண்டார். கிளம்பும்போது மாலிக் ஒரு பழத்தை எடுத்து அவர் பையிலேயே போட்டார்.

"ஐயோ, வேணாங்க. இது மேடத்தோடது."

"அட, கொண்டாந்தவர வெறுங்கையோட அனுப்பினா எனக்கு நோன்பே செல்லாது. புள்ளைங்களுக்குக் குடுங்க."

நாலு மணிக்கு ஜீனத் வீட்டுக்கு வந்தாள். அடுப்படியில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. உள்ளே போனால் மேடையில் கண்ணாடி டம்ளர்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றிலும் இளமஞ்சளாக ஜூஸ். பக்கத்தில் தட்டில் கிர்ணித் தோல். அந்தத் தோலை அவளுக்குத் தெரியாதா? கோடு கோடாக, ஒரு பக்கம் மட்டும் பச்சை மாறாமல். மூன்று மாசமாகத் தினமும் தடவிப் பார்த்த தோல்.

"மச்சான், இதோட விதை எங்க?"

"விதையா? விதையோடதான் அரைச்சேன். அப்பத்தான் கெட்டியா வரும். வடிகட்டிட்டேன், தொண்டையில மாட்டாது, கவலப்படாத."

ஜீனத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கத்தவில்லை, திட்டவில்லை. கத்தியிருந்தால்கூட மாலிக்குக்குத் தேவலையாக இருந்திருக்கும். சின்னக் குரலில், ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல மாலிக்கின் கையிலிருந்த கரண்டி தானாகக் கீழே இறங்கியது.

"யா அல்லா. ஜீனத்து, நான் கொலை பண்ணிட்டேனா?"

"மீதி நாலு எங்க மச்சான்? அத மொதல்ல சொல்லுங்க."

சொன்னார். ஒன்று பள்ளிவாசலுக்கு. ஒன்று எதிர்வீட்டு கிருஷ்ணசாமிக்கு. ஒன்று பின்தெரு அமுதவல்லிக்கு. ஒன்று மாரியப்பனுக்கே. இரண்டு பேரும் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினார்கள்.

பள்ளிவாசலுக்கு மாலிக் ஓடினார். பழம் அண்டாவில் மற்ற பழங்களோடு துண்டு துண்டாகி மிதந்துகொண்டிருந்தது. விதையும் தோலும் போன வாளியைக் குப்பை வண்டிக்காரர் மூன்றரைக்கே எடுத்துப் போய்விட்டார். "என்ன பாய், மோதிரம் கீதிரம் விழுந்துடுச்சா?" என்று கேட்டார்கள்.

அமுதவல்லி வீட்டில் கோழிகள். "ரொம்ப இனிப்பும்மா! தேன் மாதிரி! விதைய எங்க கோழிங்க ஒன்னுகூட விடல, அவ்வளோ ருசி போல" என்று அமுதவல்லி சந்தோஷமாகச் சொன்னாள். அவளுடைய நாலு கோழியும் முற்றத்தில் திருப்தியாக நடந்துகொண்டிருந்தன. ஜீனத் அவற்றைப் பார்த்த பார்வையை அமுதவல்லி நல்லவேளை கவனிக்கவில்லை.

கிருஷ்ணசாமி பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. எழுபது வயசிலும் சட்டை இஸ்திரி கலையாது. கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. "வாங்க மதாம்! பழத்துக்கு மெர்சி. விதையா? வீணாக்குவேனா? இதோ." உள்ளே போய் ஒரு பீங்கான் தட்டைக் கொண்டுவந்து நீட்டினார். விதைகள் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. வெண்ணெயில் வறுத்து, மிளகுத்தூள் தூவி, பொன்னிறமாக இருந்தன. "சாயந்தரம் அப்பெரித்திஃப்போட, ஒரு கிளாஸ் ஒயினோட கொறிக்கலாம்னு. ஒன்னு எடுத்துப் பாருங்க, மொறுமொறுன்னு இருக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் நோன்பு ஞாபகம் வந்து, "பர்தோன், பர்தோன்!" என்று தட்டைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

ஜீனத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது? அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது.

மாரியப்பனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாலிக் ஸ்கூட்டரைக் கிளப்பினார். ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் நின்றபோது மாலிக், "என் மேல கோவமா?" என்றார். "என் மேலதான்" என்றாள் ஜீனத்.

மாரியப்பன் வீட்டு வாசலிலேயே கண்ணகி நின்றாள். மாரியப்பனின் மனைவி. காலையில் கூடை நிறைய மீனோடு போனால் மத்தியானம் வெறுங்கூடையோடு திரும்புகிற கெட்டிக்காரி. பேச்சில் யாருக்கும் பின்வாங்க மாட்டாள். மாரியப்பன் அவளுக்குப் பின்னால் முகம் செத்துப்போய் நின்றார்.

"மேடம், நான் இதத் திருப்பிக் குடுத்துடலாம்னுதான் அலமாரி மேல வச்சேன். முட்டி வலிக்கு மாத்திர போட்டுட்டுப் படுத்தேன், தூங்கிட்டேன். இவ வந்து..."

"வெயில்ல வந்தேன், தாகம், பழம் இருந்துச்சு, வெட்டினேன்" என்றாள் கண்ணகி. "இன்னா இப்போ? இவரு எழுந்து உட்கார்ந்துகினு தலையில அடிச்சிக்கிறாரு. தூக்குல போடுங்க யம்மா."

"அக்கா, விதை? விதைய என்ன பண்ணீங்க?"

"விதைய இன்னா பண்ணுவாங்க? நட்டுட்டேன்."

கண்ணகி பின்பக்கம் கூட்டிப் போனாள். கிணற்றுக்கும் வேலிக்கும் நடுவே கொஞ்சம் வெற்று நிலம். இரண்டு வருஷத்துக்கு முன் புயலில் கடல் கிணறுவரை வந்துவிட்டுப் போனதிலிருந்து அங்கே புல்லுகூடத் தலையெடுக்கவில்லை. அதில் புதிதாக இருபத்திரண்டு குழி, ஈரமாக, கையால் தட்டி மூடியிருந்தது. தண்ணீரில் போட்டு மிதந்த சொத்தையைக் கழித்துவிட்டு, குழிக்கு நாலாக எண்பத்தெட்டு விதை போட்டதாகக் கண்ணகி கணக்குச் சொன்னாள்.

"இந்த மண்ணுலயாக்கா போட்டீங்க?"

"வேற எங்க போடுவாங்க? உப்பு குடிச்ச கொடி, உப்பு குடிச்ச கொடின்னு மூணு வருஷமா இவரு என் காதுல ரத்தம் வர்ற வரைக்கும் சொன்னாரே. அந்தப் பழந்தானே இது? அதான் போட்டேன்."

ஜீனத் கிணற்றில் வாளியை விட்டுத் தண்ணீர் இறைத்தாள். மீட்டரை முக்கினாள். ஒன்பது. அவளுடைய தொட்டிகளில் ஆறுக்கு மேல் போனதே இல்லை. ஆறிலேயே இருபத்து நாலில் இருபத்து மூன்று ரகம் செத்தது. பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்து முதல் குழியருகே மண்டியிட்டாள். இப்போதே எடுத்தால் ஈரத்தோடு கொண்டுபோய் முளைப்புத் தட்டில் மாற்றிவிடலாம். ஆறுக்குக் கலந்த தண்ணீர் ஊற்றினால் எண்பத்தெட்டில் இருபதாவது முளைக்கும். குழுவுக்குக் காட்டலாம். எல்லாம் சரியாகிவிடும். மண்ணைக் கீறினாள். விதை ஒன்று தெரிந்தது, ஊறிப் பருத்து, முத்துப் போல இருந்தது.

"எடுத்துக்கோங்க மேடம்" என்றாள் கண்ணகி. குரலில் சண்டை இல்லை. "உங்க பொருளு. நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒன்னு கேக்குறேன். எடுத்துட்டுப் போய் இன்னா பண்ணுவீங்க?"

"உப்புத் தண்ணி ஊத்தி முளைக்குதான்னு பாப்பேன்க்கா."

"அப்ப எங்க கெணத்துல இருக்கறது இன்னா, பன்னீரா?"

மாலிக் பக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். ஜீனத் சிரிக்கவில்லை.

"அக்கா, இந்தத் தண்ணி ரொம்ப அதிகம். இதுல முளைக்காது. நான் அளந்து பாத்துட்டேன்."

"முளைக்கலன்னா உங்க விதை எங்களுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சிக்குவேன். நீங்க அங்க தட்டுல முளைக்க வச்சு, போட்டோ எடுத்து, ஆபீசருக்குக் காட்டிட்டா மட்டும் எங்க கெணறு நல்ல தண்ணி ஆயிடுமா? சொல்லுங்க. படிச்சவங்கதானே நீங்க."

தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சத்தம் மெலிதாகக் கேட்டது. மாலிக் சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்து நீட்டினார். மாரியப்பன் ஓடிப்போய் கேன் தண்ணீர் கொண்டுவந்தார். கண்ணகி உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாள். அதில் ஒரே ஒரு கீற்று கிர்ணி இருந்தது. "பொண்ணுக்குன்னு எடுத்து வச்சேன். அவ நாளைக்கு வேற தின்னுக்குவா. நோன்ப இதுல தொறங்க."

மூன்று வருஷத்தில் ஜீனத் அந்தக் கொடியின் இலையை எண்ணியிருக்கிறாள், வேரை அளந்திருக்கிறாள், சாற்றைப் பரிசோதித்திருக்கிறாள். பழம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பேரீச்சம்பழம் கடித்து, தண்ணீர் குடித்து, அந்தக் கீற்றை வாயில் வைத்தாள். நல்ல இனிப்பு. கடையில் வாங்குகிற கிர்ணியைவிட இனிப்பு. கஷ்டப்பட்டு வளர்ந்த கொடி சர்க்கரையைப் பழத்தில் சேர்க்கும் என்று அவளே வகுப்பெடுத்திருக்கிறாள். ஆனால் அது தெரிவது வேறு, நாக்கில் படுவது வேறு. கண் கலங்கிவிட்டது. தன் கொடியை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. அந்தக் குழியை நினைத்துப் பயமாகவும் இருந்தது. ஆறு என்ற எண்ணைத் தாண்டிப் பார்க்க மூன்று வருஷமாகத் தனக்குத் துணிச்சல் வரவில்லை என்பதையும் அப்போதுதான் ஒப்புக்கொண்டாள்.

கீறிய மண்ணைக் கையால் இழுத்து மூடினாள்.

"ஜீனத்து, பைத்தியமா ஒனக்கு?" என்றார் மாலிக். "பாதியாவது எடு!"

"அக்கா சொல்றதுதான் சரி மச்சான். இந்தத் தண்ணியில முளைச்சாத்தான் முளைச்ச மாதிரி."

ஒரு விஞ்ஞானி செய்கிற காரியமா இது? இல்லவே இல்லை. நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் திட்டுவார்கள். ஆனால் அந்த ஊரில், அந்தக் கிணற்றடியில், கண்ணகி எதிரே நின்று கேட்கும்போது குழியைத் தோண்டி எடுத்துப் போகிறவர்கள் வேறு யாராவது இருக்கலாம். ஜீனத்தால் முடியவில்லை.

குழு வருவதற்குப் பத்து நாள் இருந்தது. நல்ல தண்ணீரில் கிர்ணி நாலைந்து நாளில் முளைத்துவிடும். நாலாம் நாள் ஜீனத் போனாள். ஒன்றுமில்லை. ஐந்தாம் நாளும் ஒன்றுமில்லை. ஆறாம் நாள் போனபோது மாரியப்பன் வேலியிலேயே வழிமறித்தார். "மேடம், நீங்க தெனம் வந்து மண்ணக் கிளறிக் கிளறிப் பாத்தா அது எப்படி முளைக்கும்? நான் சொல்றவரைக்கும் வராதீங்க." ஆறு என்றால் ஆறு என்று சொல்கிற மனுஷன், இந்தத் தடவை அவர் கண்ணிலும் தூக்கம் இல்லை. நிலையத்தில் கடல்தண்ணீர் பிடிக்கிற கேன்கள் காலியாகக் கிடந்தன. பழம் விட்டதும் பதினேழாம் நம்பரும் காய்ந்துபோனது, ஊற்றுவதற்கு அங்கே கொடி எதுவும் மிச்சமில்லை.

ஏழாம் நாள் ஜீனத் தன் மேஜையைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தாள். எட்டாம் நாள் மாலிக் ஜூஸே போடவில்லை, வெறும் தண்ணீரும் பேரீச்சையும் வைத்தார். "கிர்ணியப் பாத்தாலே நெஞ்சு அடைக்குது" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை ஏழு மணிக்கு போன் வந்தது. மாரியப்பன் இல்லை, கண்ணகி. மீன் ஏலம் போடுகிற சத்தம் பின்னால் கேட்டது. "நான் மார்க்கெட்டுக்கு வந்துட்டேன். நீங்க எங்க வீட்டுக்குப் போங்க. அவரு பேசமாட்டாரு, அழுதுகினு உட்கார்ந்துகினு இருக்காரு. இருங்க, இருங்க, நானும் ஷேர் ஆட்டோ புடிச்சி வந்துடறேன். நான் வராம எண்ணாதீங்க."

ஸ்கூட்டரை மாலிக் ஓட்டிய வேகத்தைப் பார்த்து டிராபிக் போலீஸே ஒதுங்கினார். கிணற்றடியில், கண்ணகி சொன்னபடியே, மாரியப்பன் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் எதிரே, வெளுத்துப்போன மண்ணில், இரண்டிரண்டு இலையாகப் பச்சை. ஓரம் லேசாகக் கருகி, கொஞ்சம் தடித்து, ஆனால் நேராக நின்றன.

கூடையோடு கண்ணகி வந்து சேர்ந்ததும் ஜீனத் நோட்டைத் திறந்து, முதல் குழியை நோக்கி விரலை நீட்டினாள்.

"விரல நீட்டாதீங்க!" கண்ணகி போட்ட சத்தத்தில் மாலிக்கே திடுக்கிட்டார். "இளசுக்கு விரல் காட்டினா வெம்பிடும். மடக்கிக் காட்டுங்க."

பதினாலு மாநாட்டில் கட்டுரை படித்தவள், டாக்டர் ஜீனத்துன்னிசா, மறுபேச்சு இல்லாமல் விரலை மடக்கினாள். மடக்கிய முட்டியால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி எண்ணினாள். மீட்டர் ஒன்பது காட்டிய, கடல் வந்துவிட்டுப் போன கிணற்றுத் தண்ணீரில், எண்பத்தெட்டுக்குப் பத்தொன்பது. நாளைக்கு வருகிற குழுவைத் தட்டுகளுக்கு முன்னால் நிறுத்த வேண்டியதில்லை, இங்கேயே கூட்டி வந்துவிடலாம். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடக்கிக்கொள்ளவே இல்லை. மாலிக் அவள் தோளைத் தட்டித் தட்டி, அவரும் அழுதார்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதினாள். கண்ணகி அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா எழுதினீங்க?"

"பத்தொம்பதுன்னு எழுதினேன்க்கா."

"பேனாவாலயா எழுதிட்டீங்க?" கண்ணகி கூடையைக் கீழே வைத்தாள். "அடிச்சிட்டு பென்சிலால எழுதுங்க யம்மா. அந்த ஓரத்துல மூணு குழி மண்ண முட்டிகினு நிக்குது பாருங்க. மத்தியானத்துக்குள்ள எழுந்துக்கும்."